கரைக்கடலில் முதல் உரிமை யாருக்கு?

கேள்வி இதுதான்: "நிலைத்த கடல் வளர்ச்சி, நீலப் பொருளாதாரம் (கடல்வளத்தை வைத்து வளர்க்கும் பொருளாதாரம்) என்று வரும் எந்த அறிக்கையை எடுத்தாலும் சிறு மீனவர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். உண்மையில் அவர்களுக்கு அதில் என்ன இடம்? பெரிய கப்பல்கள் குறைந்த ஆட்களை வைத்தே நிறையப் பிடிக்கும்போது, சிறு படகுகளைக் காப்பாற்றுவது இரக்கத்தால் செய்யும் வேலைதானே?"

அந்த ஒரு பத்தி எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். அறிக்கையின் கடைசிப் பக்கங்களில், 'பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்கள்' என்ற தலைப்பின் கீழ் வரும். வலைக்கு மானியம், ஐஸ் பெட்டிக்கு மானியம், மாற்றுத் தொழில் பயிற்சி என்று நான்கு வரியில் முடிந்துவிடும். பத்தியில் எழுதியிருப்பதைவிட, அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் எனக்குக் குறையாகப் படுகிறது. கரையோரக் கடலை யார் ஆள்வது, யார் கணக்கு வைப்பது, யாருக்கு முதல் உரிமை என்று பேசும் முதல் அத்தியாயத்தில் வர வேண்டியவர்களை நலத்திட்டப் பட்டியலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும், டியூக் பல்கலைக்கழகமும், வேர்ல்ட்ஃபிஷ் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 58 நாடுகளின் விவரங்களைத் திரட்டி 2023-ல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டன. உலகத்தில் பிடிபடும் மீனில் 40 சதவீதம் சிறு மீன்பிடியிலிருந்து வருகிறது என்றது அது. ஆறு, ஏரிகளையும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 3 கோடியே 70 லட்சம் டன். மீன்பிடிப்பு, பதப்படுத்தல், விற்பனை என்று இந்தத் தொழிலில் இருக்கும் வேலைகளில் 90 சதவீதம் இவர்களுடையது. எண்ணிக்கையில் 6 கோடிப் பேர். வீட்டுச் சாப்பாட்டுக்காக மட்டும் பிடிப்பவர்கள் இன்னும் 5 கோடியே 30 லட்சம். இவர்களை நம்பியிருக்கும் குடும்பத்தாரையும் கூட்டினால் 49 கோடியைத் தாண்டுகிறது. ஆக, 'ஓரத்தில் இருக்கும் சிலர்' என்று பேசுவதற்கே இடமில்லை. மீன்பிடித் தொழிலில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான்.

சரி, 'சிறு' என்றால் என்ன? இதில் நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். ஐரோப்பிய ஒன்றியம் 12 மீட்டருக்குக் குறைவான, இழுவை மடி (கடலில் இழுத்துச் செல்லும் வலை) இல்லாத படகைச் சொல்கிறது. சிலியில் 18 மீட்டர் வரை சிறு படகுதான். பிலிப்பைன்ஸில் 3 டன் கொள்ளளவு எல்லை. ஓரிடத்துச் சிறு படகு இன்னோரிடத்தில் பெரிய படகாகிவிடும். நான் நீளத்தை அளப்பதில்லை. மூன்று விஷயம் கேட்பேன். படகுக்குச் சொந்தக்காரர் படகில் ஏறுகிறாரா? போன அன்றோ மறுநாளோ கரை திரும்புகிறாரா? அவர் வலை போடும் இடத்தில் மீன் அற்றுப்போனால் அவர் போவதற்கு வேறு கடல் இருக்கிறதா? மூன்றாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால், அவர்தான் நாம் பேசும் ஆள்.

அந்த மூன்றாவது கேள்வி எவ்வளவு பெரியது என்பதைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட்டியது. அங்கே காட் என்ற குளிர்கடல் மீன் வற்றிப்போன கதையை மீன்வளம் படித்தவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். பேராசையின் கதையாகத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு அது அளவுகோலின் கதை.

அங்கே காட் மீன் குளிர்காலத்தில் வெளிக்கடலில் கூட்டமாகக் கூடி, அங்கேயே முட்டையிடத் தொடங்கும். கோடையில் கேப்லின் என்ற சிறு மீனைத் துரத்திக்கொண்டு கரைக்கு வரும். கரை மீனவர்கள் அது வரும் வழியில் பெட்டி மாதிரி ஒரு நிலைவலையைக் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். இல்லாவிட்டால் கைத்தூண்டில். மீன் வந்தால் உண்டு, வராவிட்டால் பட்டினி. இழுவைக் கப்பல்களோ மீன் கூடும் இடத்துக்கே போய் அள்ளின. 1968-ல் மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேல் போனது. அதில் பெரும்பகுதி வெளிநாட்டுக் கப்பல்கள் பிடித்தது. 1977-ல் கனடா தன் கடல் எல்லையை 200 மைலுக்கு நீட்டி அவற்றை வெளியே அனுப்பியது. போன இடத்தை உள்நாட்டு இழுவைக் கப்பல்கள் நிரப்பின.

1980-களின் நடுவில் கரை மீனவர்கள் புலம்ப ஆரம்பித்தார்கள். வரத்து குறைகிறது, வரும் மீனும் சிறுத்துக்கொண்டே போகிறது என்று. அரசு விஞ்ஞானிகளின் கணக்கில் மீன் பெருகிக்கொண்டிருந்தது. எப்படி? ஒரு மணி நேரம் வலை இழுத்தால் எவ்வளவு கிடைக்கிறது என்பது அந்தக் கணக்கில் கனமாக உட்கார்ந்திருந்தது. மீன் குறையக் குறைய மிச்சமிருப்பது நெருக்கமாகக் கூடிக்கொள்ளும். ஒலியலைக் கருவி வைத்திருக்கும் கப்பல் அந்தக் கூட்டத்தைத் தேடிப்போய்ப் பிடித்துவிடும். ஆக, கடைசிக் கூட்டம் தீரும் வரை கப்பலின் வலை நிறைந்துகொண்டேதான் இருக்கும். நகராமல் ஓரிடத்தில் கட்டிய வலையால் அப்படி ஏமாற்ற முடியாது. மீன் குறைந்தால் அது காலியாகவே வரும். 1986-ல் கரை மீனவர் சங்கத்தின் ஏற்பாட்டில் உயிரியலாளர்கள் மறு ஆய்வு செய்து, அரசுக் கணக்கு மிகையானது என்றார்கள். கேட்டவர்கள் குறைவு. 1992 ஜூலை 2 அன்று மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஏறக்குறைய 30,000 பேருக்கு வேலை போனது.

மீனவருக்கு எல்லாம் தெரியும், விஞ்ஞானிக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வரவில்லை. அது இன்னொரு மூடநம்பிக்கை. ஒரே இடத்தில் தினமும் வலை போடுகிறவரின் பாடு, அதாவது அவருக்குக் கிடைக்கும் மீன், ஓர் அளவுக்கருவி. நிர்வாகம் அந்தக் கருவியைப் படிக்க மறுத்தால் கடலைப் பற்றிய செய்தி தாமதமாகத்தான் வந்து சேரும். சிறு மீன்பிடிக்கு நான் கேட்கும் முதல் இடம் இது.

இரண்டாவது, விதிகள். 'பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்கு அள்ளி அழித்துவிடுவார்கள்; அரசு பூட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்' என்ற எண்ணம் பாடப்புத்தகங்களில் நெடுங்காலம் கோலோச்சியது. 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஓஸ்ட்ரம் இதை மறுப்பதற்கு எடுத்துக்காட்டிய ஊர்களில் ஒன்று துருக்கியின் அலான்யா. சுமார் நூறு மீனவர்கள் உள்ள சின்னக் கடற்கரை. 1970-களில் வலை போடும் நல்ல இடங்களுக்கு அடிதடி. பத்தாண்டு போல முட்டி மோதிப் பார்த்து ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். கடலில் வலை போடும் இடங்களுக்கெல்லாம் பெயரிட்டுப் பட்டியல் போட்டார்கள். ஓரிடத்து வலை பக்கத்து இடத்துக்குப் போகும் மீனை மறிக்காத அளவுக்கு இடைவெளி விட்டார்கள். செப்டம்பரில் குலுக்கல். யாருக்கு எந்த இடம் விழுகிறதோ அங்கே முதல் நாள் வலை. மறுநாள் ஒவ்வொருவரும் கிழக்கே அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். ஜனவரி வரை கிழக்கே, அதற்கப்புறம் மே வரை மேற்கே. மீன் கூட்டம் இடம் மாறும் திசையை வைத்துப் போட்ட கணக்கு இது. எல்லோருக்கும் நல்ல இடமும் வரும், மோசமான இடமும் வரும்.

இதற்குக் காவல் யார் என்று நினைக்கிறீர்கள்? யாருமில்லை. இன்றைக்கு நல்ல இடம் யார் முறையோ அவர் விடிவதற்குள் அங்கே நிற்பார். வேறொருவர் வலையோடு வந்தால் அவரே சண்டைக்குப் போவார்; நாளைக்குத் தன் முறை வரப்போகிறவர்களும் அவர் பக்கம் நிற்பார்கள். மிச்சத் தகராறு காபிக்கடையில் தீரும். ரோந்துப் படகு வாங்கி, டீசல் போட்டு, ஆள் வைத்து இதைச் செய்ய எவ்வளவு ஆகும் என்று ஒரு மீன்வளத் துறையைக் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துச் சிங்கி இறால் மீனவர்கள் செய்வது இன்னும் நுணுக்கமானது. கடலடியில் வைத்த பொறிக் கூட்டைத் தூக்கியதும் ஒவ்வோர் இறாலையும் புரட்டிப் பார்க்கிறார்கள். வயிற்றடியில் சினை ஒட்டியிருந்தால், வால் துடுப்பின் ஒரு மடலில் 'வி' வடிவத்தில் சின்னதாக வெட்டிக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். அடுத்த தடவை அது சினையில்லாமல் இன்னொருவர் கூட்டில் ஏறினாலும், அந்த வெட்டைப் பார்த்ததும் அவரும் விட்டுவிட வேண்டும். முட்டையிடும் பெண் என்பதற்கு முன்பு பிடித்தவர் விட்டுச்சென்ற சான்று அது. சட்டை உரித்து உரித்து வெட்டு மறையும் வரை அதற்குப் பாதுகாப்பு. முதுகு ஓட்டின் நீளம் மூன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தாலும் பிடிக்கக் கூடாது, ஐந்து அங்குலத்தைத் தாண்டினாலும் கூடாது. பெரியதுதான் அதிகச் சினை வைக்கும். 1995-ல் கடற்கரையை மண்டலங்களாகப் பிரித்து, மீனவர்களே தேர்ந்தெடுக்கும் குழுக்களுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். ஓர் ஆளுக்கு 800 கூட்டுக்கு மேல் கிடையாது. 2016-ல் 13 கோடி பவுண்டு எடைக்கு மேல் இறால் கரை சேர்ந்தது. எல்லாப் புகழும் விதிகளுக்கே என்று சொன்னால் அது நேர்மையாகாது. கடல் வெதுவெதுப்பானதும், இறாலைத் தின்னும் காட் மீன் குறைந்ததும் கைகொடுத்தன. இப்போது வெப்பம் இன்னும் ஏறுவதால் வரத்து இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் சினை இறாலைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத நடுக்கடலில், வெட்டிவிட்டுத் திருப்பிப் போடுகிற பழக்கத்தை எந்த அதிகாரியாலும் உத்தரவு போட்டு மட்டும் உண்டாக்க முடியாது.

மடகாஸ்கரின் தென்மேற்கில் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். அண்டவடோகா என்ற ஊரில், ஆக்டோபஸ் பிடிக்கும் பவளத்திட்டு ஒன்றை 2004-ல் சில மாதம் மூடி வைத்தார்கள். ஆக்டோபஸ் வேகமாக எடை போடும் உயிர். ஆகவே காத்திருந்ததன் பலன் திறந்த அன்றே கையில் தெரிந்தது. முதலில் ஒரு கோளாறும் நடந்தது. திறக்கும் நாளில் அக்கம்பக்கத்து ஊரெல்லாம் வந்து குவிந்து அள்ளிக்கொண்டு போனது. பிறகு ஊர்கள் கூடிப் பேசி ஒரே நேரத்தில் மூடித் திறக்கக் கற்றுக்கொண்டன. எட்டு ஆண்டுகளில் நடந்த இப்படிப்பட்ட 36 மூடல்களை அலசிய ஆய்வு, திறந்த மாதத்தில் பிடிப்பு 700 சதவீதத்துக்கு மேல் கூடியதைக் காட்டியது. இதை நம்பித்தான் அந்த ஊர்கள் அப்புறம் நிரந்தரமாக மூடிய பகுதிகளுக்கும் சம்மதித்தன. பாதுகாப்புப் பகுதி வேண்டும் என்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் பலன் கண்ணில் பட்டது, பிறகுதான் தியாகம் வந்தது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்டவர் என்னை மடக்குவார். சிறு மீன்பிடி என்றாலே கடலுக்கு நல்லது என்பது பொய். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் சிறு படகுகளின் செவுள் வலையிலும் தூண்டில் வரிசையிலும் சிக்கிச் செத்த பெருந்தலை ஆமைகளைக் கணக்கிட்டு 2007-ல் வெளியான ஆய்வில், வட பசிபிக்கின் பெரிய தொழில்முறைக் கப்பல்கள் எல்லாம் கொல்வதற்கு அது சமமாக வந்தது. அதே நாட்டின் வாக்கிட்டா என்ற சிறு ஓங்கில் அழிவின் விளிம்பில் நிற்பதற்கும் சிறு படகுகளின் செவுள் வலையே காரணம். வெடி வைத்து மீன் பிடிப்பவர்களும் சிறு மீனவர்கள்தான். படகின் நீளம் யாரையும் உத்தமராக்காது. அலான்யாவிலும் மேய்னிலும் இருந்தது இங்கே என்ன இல்லை என்று பார்த்தால், பெரும்பாலும் இதுதான்: இன்றைக்கு விட்டது நாளைக்குத் தனக்கே கிடைக்கும் என்ற உறுதி. நான் விட்டால் அடுத்தவன் பிடிப்பான் என்றால் யார் விடுவார்கள்?

உரிமை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். பிலிப்பைன்ஸில் கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரை உள்ளாட்சிகளின் கடல். சிலியில் முதல் 5 மைல் சிறு மீனவருக்கு. எழுதி வைப்பது சுலபம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே வரும் இழுவைப் படகு நிலைவலையை அறுத்துக்கொண்டு போனால், மறுநாள் அந்தக் கோட்டுக்கு என்ன மதிப்பு? சிலி கோட்டோடு நிற்கவில்லை. லோக்கோ என்ற கடல் நத்தையை அளவுக்கு மீறி எடுத்ததால் 1989-லிருந்து சில ஆண்டுகள் மூட வேண்டியிருந்தது. 1991 சட்டத்துக்குப் பிறகு கடலடித் திட்டுகளைக் குறிப்பிட்ட மீனவர் சங்கங்களின் பொறுப்பில் விட்டார்கள். எங்கள் திட்டு என்று ஆனபின் காவலும் கணக்கும் அவர்கள் வேலையானது. திருட்டு நின்றுவிடவில்லை, இருந்தாலும் இந்த முறை இன்றும் நடக்கிறது.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. படகில் ஏறுகிறவர்தான் மீனவர் என்று எண்ணும் கணக்கில் பெண்கள் விழுவதே இல்லை. வற்றுநீரில் மட்டியும் நண்டும் பொறுக்குவது, வலை பின்னுவது, கருவாடு போடுவது, கூடை சுமந்து விற்பது எல்லாம் கணக்குக்கு வெளியே. வீட்டுத் தேவைக்கான பிடிப்பையும் சேர்த்து 2023 ஆய்வு எண்ணியபோது ஐந்தில் இருவர் பெண்கள். மடகாஸ்கரில் மூடிய அந்தத் திட்டில் ஆக்டோபஸ் தேடி நடப்பவர்களிலும் பெண்கள் நிறைய. கரையை ஒரு துறைமுகத் திட்டத்துக்குக் கொடுக்கும்போது 'படகு நிறுத்த மாற்று இடம்' தருவார்கள். கருவாடு காய வைத்த மணலுக்கு மாற்று இடம் கேட்பார் யாருமில்லை.

பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2018-ல் உலக அரசுகள் மீன்பிடிக்குக் கொடுத்த மானியம் சுமார் 3,540 கோடி டாலர் என்று ஒரு மதிப்பீடு. அதில் 2,200 கோடிக்கு மேல், எரிபொருள் மானியம் போல, பிடிக்கும் திறனைக் கூட்டுவதற்கே போனது. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெரிய கப்பல்களுக்கு. கேள்வியில் சொன்ன 'திறமை' இதில்தான் ஓடுகிறது. டீசல் விலையை முழுசாகக் கட்டச் சொல்லுங்கள், பிடித்ததும் கடலில் கொட்டும் சங்காயத்தையும் (வலையில் சேர்ந்து வரும் வேண்டாத மீன்) கணக்கில் சேருங்கள், அப்புறம் திறமையைப் பேசலாம். உலகில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் மீன் இப்படித் திருப்பிக் கொட்டப்படுகிறது. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அடிமட்ட இழுவை மடிகளிலிருந்து. உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் 2022-ல் நிறைவேறி 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கள்ளத்தனமான பிடிப்புக்கும், ஏற்கெனவே வற்றிய மீனினங்களைப் பிடிப்பதற்கும் மானியம் கூடாது என்கிறது. கப்பல் பலத்தைப் பெருக்கும் மானியத்தைப் பற்றி இன்னும் பேச்சு மட்டும்தான்.

நீலப் பொருளாதாரத்துக்கு வருவோம். காற்றாலை, எண்ணெய்த் தேடல், துறைமுகம், மீன்பண்ணை, சுற்றுலா, பாதுகாப்புப் பகுதி எல்லாமே கேட்பது கரையோரக் கடலைத்தான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் படகுக்கு இடமில்லை. தென்னாப்பிரிக்காவில் 1998-ல் வந்த கடல்வளச் சட்டம் வணிக மீன்பிடியைச் சொன்னது, பொழுதுபோக்கு மீன்பிடியைச் சொன்னது, வீட்டுத் தேவைக்கான மீன்பிடியைச் சொன்னது. தலைமுறையாகச் சின்னப் படகில் பிடித்து விற்றவர்களை எந்த வகையிலும் சேர்க்கவில்லை. நேற்றுவரை மீனவர், இன்று கள்ளப் பிடிப்பாளர். அவர்கள் நீதிமன்றம் போய், 2007-ல் இடைக்கால உரிமை வாங்கி, 2012-ல் தனிக் கொள்கை வாங்கி, 2014-ல் சட்டத்தையே திருத்த வைத்தார்கள். பதினாறு ஆண்டு.

மேற்கு ஆப்பிரிக்காவில் நடப்பது வேறு மாதிரி. அங்கே மத்தி இன மீன்தான் ஏழைகளின் புரதம். கரையில் மீன்தூள் ஆலைகள் வந்தன. ஒரு கிலோ தூளுக்கு நான்கைந்து கிலோ மீன் வேண்டும். தூள் வேறு நாட்டு மீன்பண்ணைகளுக்குத் தீனியாகப் போகிறது. புகை போட்டு உள்நாட்டில் விற்ற பெண்களால் ஆலை தரும் விலைக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. பிடித்ததில் பெரும்பங்கு சிறு மீனவர்கள் பிடித்ததுதான் என்பதையும் மறைக்கக் கூடாது. ஏற்றுமதிக் கணக்கில் வளர்ச்சி தெரியும், தட்டில் மீன் குறையும்.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 14-பி, சிறு மீனவருக்குக் கடல்வளத்திலும் சந்தையிலும் இடம் வேண்டும் என்கிறது. 2014 ஜூனில் உணவு வேளாண்மை அமைப்பின் மீன்வளக் குழு சிறு மீன்பிடிக்கென்றே தனி வழிகாட்டு நெறிகளை ஏற்றது. அதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களில் ஒருவர் சந்திரிகா சர்மா. அந்த ஆண்டு மார்ச்சில் காணாமல் போன மலேசிய விமானத்தில் அவரும் இருந்தார். அந்த அமைப்பின் கூட்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். நெறிகள் அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டுள்ளன. அந்த ஆவணம் நில உரிமை போலக் கடல் உரிமையைப் பேசுகிறது, பெண்களின் வேலையைப் பேசுகிறது, பெரிய திட்டம் வருமுன் கலந்து பேசச் சொல்கிறது. நல்ல ஆவணம். கட்டாயம் ஏதுமில்லை.

ஆகவே அடுத்த அறிக்கை கைக்கு வரும்போது மானியப் பத்தியைத் தாண்டிப் போய் இவற்றைத் தேடுங்கள். கரையோரக் கடல் யார் பெயரில் என்று சட்டப்படி எழுதியிருக்கிறதா? மீன் இருப்பைக் கணிக்கும்போது கரை வலையின் பாடு கணக்கில் வருகிறதா? விதி மீறிய படகைப் பிடித்து நிறுத்த உள்ளூர்ச் சங்கத்துக்கு அதிகாரம் உண்டா? மீன் குறைவாக இருக்கும் ஆண்டில் முதல் பங்கு யாருக்கு?

கடைசிக் கேள்வியில்தான் எல்லோரும் நழுவுவார்கள். நியூஃபவுண்ட்லாந்தில் இரண்டு ஆண்டுக்கு என்று சொல்லி நிறுத்திய காட் மீன்பிடிப்பு 32 ஆண்டு கழித்து 2024 ஜூனில்தான் முழு வணிகப் பிடிப்பாகத் திறந்தது. அனுமதித்தது 18,000 டன். முதல் 1,15,000 டன் கரை மீனவர்களுக்கே என்று அங்கே நெடுங்கால வாக்குறுதி ஒன்று உண்டு. அந்த 18,000 டன்னிலேயே இழுவைக் கப்பல்களுக்கும் ஒரு சிறு பங்கு பிரித்துக் கொடுத்தார்கள்.